31 வயதில் கடற்படைத் தலைவர்

"கப்பல் வேலையா? வேணாம்பா, தண்ணியில கண்டம்!" என்று மகனை லயத்திலேயே நிறுத்திக்கொண்ட தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்காகவே தனபாலசிங்கம் அவர்களைப் பற்றிச் சொல்கிறோம்.

அவர் நகரத்துப் பிள்ளை. கோலாலம்பூர் விக்டோரியா பள்ளி மாணவர். 1955-இல் கடற்படையில் சேர்ந்து, இங்கிலாந்தின் டார்ட்மத் கல்லூரியில் பயின்றார். கப்பலில் சொகுசு கிடையாது. நான்கு மணி நேரக் காவல் மாறி மாறி வரும். நடுச்சாமத்திலும் எழுந்து நிற்க வேண்டும். விடியுமுன்னே பெரட்டுக்கு நின்ற நம் சனங்களுக்கு இது புதுசா என்ன?

1967 டிசம்பரில் ஆஸ்திரேலிய அதிகாரியிடமிருந்து அவர் தலைமையை ஏற்றார். மலேசியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. வயதோ 31! நம் கடற்படைத் தளம் அப்போது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. லூமுட் பிறகு வந்தது. 1976 வரை அவரே தலைவர்.