பூச்சி மாத்திரைக்கு அடங்காத வயிற்றுப்போக்கு



வயிற்றுப்போக்கு என்றதும் நம் தோட்டத்து வீடுகளில் முதலில் எழும் சொல் ‘பூச்சி’. அதில் தவறில்லை. ரப்பர்க் காட்டில் வெறுங்காலோடு நடந்த நம் பாட்டன் பாட்டிமாரின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சிய காலம் ஒன்றிருந்தது. 1915இல் ராக்பெல்லர் அறநிறுவனம் டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் மலாயாவுக்குக் குழு அனுப்பியதே அதை ஆராயத்தான். மருந்தும் கக்கூஸும் செருப்பும் வந்தபின் அதன் கொட்டம் பெரிதும் அடங்கியது.

ஆனால், ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கியும் வாரக்கணக்கில் தண்ணீராகப் போகிறது, உடம்பு துரும்பாய் இளைக்கிறது என்றால்? வேறொன்றையும் நினைக்கத்தான் வேண்டும்.

கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு கிருமி உண்டு. பெயர்தான் வாயில் நுழையாது; கிருமி சுலபமாக நுழைந்துவிடும்! அது புழுவல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிர். மலம் கலந்த தண்ணீரிலும், கழுவாத கையிலும், கன்றுக்குட்டியின் சாணத்திலும் இருக்கும். குளோரினுக்கு எளிதில் சாகாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது. நல்ல உடம்புக்காரர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் தேறினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள்.

எச்.ஐ.வி. கிருமி, நம் உடம்பின் காவலர்களான சிடி4 அணுக்களை அழிக்கிறது. அவை 100க்கும் கீழே போனால் இந்தக் கிருமி குடலிலேயே குடியேறிவிடும். பூச்சி மாத்திரை இதை ஒன்றும் செய்யாது. எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, காவலர்கள் மறுபடி பெருகினால்தான் வயிறு தேறும். அந்த மருந்து நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

கூச்சம்தான் குறுக்கே நிற்கிறது. ‘வயிறு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சாதாரண மலப் பரிசோதனையில் இது தப்பிவிடக்கூடும். தனிச் சாயமிட்டுப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. இருப்பதை டாக்டரிடம் சொன்னால்தானே அவருக்கு அந்த யோசனை வரும்? இதுவரை பரிசோதித்துக் கொள்ளாதவர்கள் அதையும் கேட்டு எடுத்துக் கொள்ளலாம்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைக்காதீர்கள். ஒன்றாகச் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. ஒட்டாது. உண்மையில் நம் கை அழுக்குத்தான் அவருக்கு ஆபத்து! பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குத் தடவும் சானிடைசர் இந்தக் கிருமிக்குப் போதாது. மாட்டுக் கொட்டகை வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். அவர் குடிக்கும் தண்ணீர் வெறுமனே சூடானால் போதாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும்.