அசையாத கண்ணாடிக் கிண்ணம்

சூரியக் கிண்ணம், ஆரோவில், விழுப்புரம் மாவட்டம்
அமைத்த ஆண்டு: 1997. விட்டம்: 15 மீட்டர்.

சூரிய சமையற்கூடத்தின் கூரைமேல் வானம் பார்த்திருக்கும் இந்தக் கிண்ணம் ஃபெரோசிமெண்ட்டால் ஆனது. உட்புறம் முழுக்க ஏறத்தாழ 11,000 சிறு கண்ணாடிகளைப் பதித்திருக்கிறார்கள்.

ராஜஸ்தானின் பிகானேரில் 2011இல் தொடங்கிய சூரியக் கோபுர மின்நிலையத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் ஒவ்வொன்றும் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, கோபுர உச்சிக்கு ஒளியை அனுப்பும்படி அமைத்தார்கள். இங்கே ஒரு கண்ணாடிகூட அசைவதில்லை. கிண்ணம் ஒரு கோளத்தின் பகுதி. ஆகவே கதிர் எத்திசையிலிருந்து வந்தாலும், அதே திசையில் நீளும் ஒரு கோட்டின்மீது ஒளி குவிகிறது. உருளை வடிவக் கொதிகலன் மட்டும், கணினியின் வழிகாட்டலில், அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து பகல் முழுதும் நகர்கிறது. பெரும் பரப்பை நிலையாக விட்டுச் சிறு பாகத்தை மட்டும் திருப்பியது அழகான தீர்வு.

தூத்துக்குடி உப்பளங்களில் பாத்திகளில் பரந்த கடல்நீரை நாட்கணக்கில் வற்றவைப்பதும் இதே வெயில்தான்.

இங்கே அது ஒரு கோட்டில் குவிவதால், தெளிவான நாளில் 150 டிகிரி செல்சியஸ் நீராவி கிடைக்கிறது. சுமார் 1,000 பேருக்குச் சமைக்க அது போதும். மேகம் மூடினால் டீசல் கொதிகலன் கைகொடுக்கும்.