எந்தப் படத்தை எந்தக் கோப்பில் வைப்பது?

மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் இன்று தங்கள் சரக்குகளின் படங்களை இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புகிறார்கள். ஆனால் வடிவமைப்பவர் "ஜேபெக் வேண்டுமா, பி.என்.ஜி. வேண்டுமா?" என்று கேட்டால், "ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்" என்பதே பலருடைய பதில். எண்ணெயை யாரும் சாக்கில் கட்டுவதில்லை. படங்களுக்கும் அப்படித்தான், சரக்குக்கு ஏற்ற பாத்திரம் வேண்டும். அது மாறிப் போனால் பக்கம் திறக்கத் தாமதமாகும், எழுத்து மங்கும், லேபிளை மறுபடி அச்சடிக்க நேரும். அந்தச் செலவு நம் தலையில்தான் விழும்.

புள்ளிக் கணக்கு

செல்போன் எடுக்கும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. பிக்ஸல் என்பது இந்தப் புள்ளிதான். அகலத்தில் 4000, உயரத்தில் 3000 என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 12 மெகாபிக்ஸல் கேமரா என்று சொல்வது இதைத்தான். செல்போன் திரையில் ஒரு பருப்புப் பாக்கெட்டைக் காட்டுவதற்கு 800க்கு 600 போதும். அது 4 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள்; முன்னதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

ஒரு படம் 4 எம்.பி. என்றால் 50 சரக்குகளுக்கு 200 எம்.பி. ஆகிறது. ஒவ்வொன்றையும் 100 கே.பி.க்குக் குறைத்தால் மொத்தமே 5 எம்.பி.தான். பக்கம் திறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அச்சுக்குக் கணக்கு வேறு. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது அச்சகங்களின் வழக்கம். 4 அங்குல லேபிளுக்கு 1200 புள்ளி அகலம் தேவை. 300 புள்ளி அகலமுள்ள படம் ஒரு அங்குலத்துக்குத்தான் காணும். அதை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல்தான் மிஞ்சும்.

கோப்பு வகைகள்

ஜேபெக்: 1992-ல் தர நிர்ணயம் பெற்றது. புகைப்படங்களுக்கு ஏற்றது. கண் அதிகம் கவனிக்காத விவரங்களைக் கழித்து அளவைக் குறைக்கிறது. அரிசியைத் தீட்டுவது போல என்று கொள்ளலாம். போன தவிடு திரும்பாது. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால் தரம் மேலும் குறையும். ஆகவே மூலப் படத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலில் வேலை செய்ய வேண்டும்.

ஜிஃப்: 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்டது. ஒரு படத்தில் 256 நிறங்கள் மட்டுமே அடங்கும். சிறு அசைவுப் படங்களுக்கு உதவும்; சரக்குப் படங்களுக்கு உதவாது. எல்லோரும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தி வந்தபோது, இதிலுள்ள சுருக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யுனிசிஸ் நிறுவனம், இதைக் கையாளும் மென்பொருள் தயாரிப்பாளர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்று 1994-ல் அறிவித்தது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003-ல் காலாவதியானது. இலவசம் என்று நம்பிய பொருளுக்குப் பின்னால் விலை கேட்ட கதை இது.

பி.என்.ஜி.: அந்தத் தொல்லையால் பிறந்தது, 1996-ல் வந்தது. காலிச் சாக்குகளை மடித்துக் கட்டுவது போலச் சுருக்குகிறது. அவிழ்த்தால் எதுவும் குறைந்திருக்காது. பின்னணி இல்லாத படத்தையும் வைக்கலாம். கடைச் சின்னம், எழுத்து நிறைந்த அறிவிப்பு ஆகியவற்றுக்கு ஏற்றது. புகைப்படத்தை இதில் வைத்தால் அளவு வீணாகப் பெருகும்.

வெப்பி: 2010-ல் கூகுள் அறிமுகப்படுத்தியது. ஏறக்குறைய அதே தரத்தில் ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பு கிடைக்கும். இணையப் பக்கத்துக்கு நல்லது. அச்சகத்துக்கு இதை அனுப்ப வேண்டாம்.

எஸ்.வி.ஜி.: 2001-ல் இணையத்துக்கான தரமாக ஏற்கப்பட்டது. படத்தைப் புள்ளிகளாக வைக்காமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் கணக்கு எழுதி வைக்கிறது. அதனால் விசிட்டிங் கார்டு அளவிலும் சரி, பெயர்ப் பலகை அளவிலும் சரி, ஓரம் கூர்மையாகவே இருக்கும்.

கடைச் சின்னத்தின் மூலக் கோப்பு

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். பணம் கொடுத்துச் சின்னம் வரையச் சொல்கிறோம். கைக்கு வருவதோ ஒரு சிறு ஜேபெக். கோடுகளாலான மூலக் கோப்பு டி.டி.பி. சென்டரின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. அவர் கடையை மூடினாலோ கம்ப்யூட்டர் பழுதானாலோ சின்னத்தை மறுபடி வரைய வேண்டியதுதான். ஆகவே கணக்குத் தீர்க்கும் முன்பே கோரல் டிரா கோப்பு, பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி., பி.என்.ஜி. நான்கையும் கேட்டு வாங்க வேண்டும். சின்னத்தின் உரிமை நமக்கே என்று எழுதியும் வாங்கிக்கொள்வது நல்லது.

புள்ளிப் படத்தை எஸ்.வி.ஜி.க்குள் ஒட்டித் தருவதும் உண்டு. திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் படிக்கட்டு போலத் தெரிந்தால் அது உண்மையான கோட்டுப் படம் அல்ல. தமிழ் எழுத்துகளை 'கர்வ்' ஆக மாற்றிய பிரதி ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் கடைப் பெயர் புரியாத குறிகளாக வந்து நிற்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. மஞ்சள்தூள் பாக்கெட்டின் நிறம் இரண்டிலும் ஒன்றாக வராது. மாதிரி அச்சுப் பார்த்த பிறகே மொத்தமாக அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.

2. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. அச்சகத்துக்கு அனுப்பும்போது 'டாகுமெண்ட்' ஆக அனுப்ப வேண்டும்.

3. விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போட வேண்டும். விலை மாறும்போது திருத்துவது எளிது. தேடுபவர் கண்ணிலும் படும்.

4. இணையத்தில் கண்ட படத்தை எடுத்துப் போடக் கூடாது. அதற்கும் ஓர் உரிமையாளர் உண்டு. நம் சரக்கை நாமே படமெடுப்பதே நேர்மை.

பத்திரம், லைசென்ஸ், கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் பூட்டி வைக்கிறோம். கடைச் சின்னத்தின் மூலக் கோப்பையும் அந்த வரிசையில் சேர்த்து, ஒரு பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் பத்திரப்படுத்துவோம். நம் கடையின் பெயர் நம் கையிலேயே இருக்கட்டும்.