மூன்று முறை முதலிடம் பெற்ற பாடல்

நுழையும்முன்

பாடல் காற்றில் கலந்து செவியைச் சேர்வது. ஆயினும் அதற்கு உரிமையாளர் உண்டு. விற்பனைக் கணக்கு உண்டு. வெற்றி தோல்வியை அளக்கும் அளவுகோலும் உண்டு. அமெரிக்க நாட்டில் ஒரே பாடல் 1974, 1982, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளில் முதலிடம் பெற்றது. ஒரு படைப்பின் வெற்றி எவ்வாறு அளக்கப்படுகிறது, அவ்வெற்றியின் பயன் யாரைச் சேர்கிறது என்பவற்றை இப்பாடலின் வரலாறு உணர்த்துகிறது.

பாடல் பிறந்த சூழல்

டாலி பார்ட்டன் 1946ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில், பன்னிரண்டு குழந்தைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பாடலாசிரியராகவும் பாடகியாகவும் வளர்ந்த அவருக்கு 1967இல் போர்ட்டர் வேகனர் நடத்திய தொலைக்காட்சி இசைநிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. அந்நிகழ்ச்சியே அவரை நாடறியச் செய்தது. சில ஆண்டுகளில் தனித்து இயங்க விரும்பினார் பார்ட்டன். வேகனரோ அவர் விலகுவதை விரும்பவில்லை. வாதிட்டுப் பயன் இல்லை எனக் கண்ட பார்ட்டன், நன்றியையும் பிரிவையும் ஒருசேரச் சொல்லும் பாடல் ஒன்றை இயற்றி அவர்முன் பாடினார். வேகனர் கண்கலங்கி, அவர் விலக இசைந்தார்.

அதுவே ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்னும் பாடல். 1973இல் ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1974இல் வெளிவந்த இப்பாடல், ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறச் சார்பிசையின் தரவரிசையில் முதலிடம் பெற்றது. 1982இல் திரைப்படம் ஒன்றிற்காக அவரே மீண்டும் பாடியபோதும் அதே பட்டியலில் முதலிடத்தை எட்டியது.

விட்டுக்கொடுக்காத உரிமை

பாடல் வெளிவந்த சில காலத்தில் புகழின் உச்சியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி அதனைப் பாட விரும்பினார். இளம் பாடலாசிரியர் எவருக்கும் அது பெரும் வாய்ப்பு. ஆனால், எல்விஸின் மேலாளர் டாம் பார்க்கர் ஒரு நிபந்தனை விதித்தார். பாடலின் வெளியீட்டு உரிமையில் பாதியைத் தர வேண்டும் என்பதே அது.

பார்ட்டன் மறுத்தார். எல்விஸ் குரலில் தம் பாடலைக் கேட்கும் வாய்ப்பை இழந்ததை எண்ணி இரவு முழுதும் அழுததாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். அம்மறுப்பின் மதிப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகே உலகிற்குத் தெரிந்தது.

தெரிந்து தெளிவோம்

ஆங்கில இலக்கியத்தில் ‘பாலட்’ என்பது கதைப்பாடலைக் குறிக்கும். பாப் இசையில் அச்சொல் பொருள் மாறி, காதல், பிரிவு, ஏக்கம் போன்ற உணர்வுகளை மெதுவான தாளத்தில் பாடும் பாடலைக் குறிக்கிறது.

தரவரிசை என்னும் அளவுகோல்

அமெரிக்காவில் பாடல்களின் வெற்றியை அளந்து கூறுவது ‘பில்போர்டு’ இதழ். இசை வகை எதுவாயினும் மிகுந்த வரவேற்புப் பெற்ற நூறு பாடல்களை வரிசைப்படுத்தும் ‘ஹாட் 100’ பட்டியலை அவ்விதழ் 1958 ஆகஸ்டு மாதம் முதல் வெளியிட்டு வருகிறது. இசைத்தட்டு விற்பனையும் வானொலி ஒலிபரப்பும் இதற்கு நெடுங்காலம் அடிப்படைகளாக இருந்தன. பின்னர் இணையவழிக் கேட்பும் சேர்க்கப்பட்டது.

தொடக்கத்தில் கடைக்காரர்களும் வானொலி நிலையத்தாரும் சொல்லும் தகவல்களையே இதழ் நம்பியிருந்தது. நினைவுப் பிழையும் விருப்பு வெறுப்பும் அதில் கலக்க இடமிருந்தது. 1991 இறுதியில் இம்முறை மாறியது. விற்பனையாகும் ஒவ்வோர் இசைத்தட்டும் பட்டைக்குறியீட்டின் வழியே கணினியில் பதிவானது. வானொலியில் ஒலிக்கும் பாடல்களையும் கணினி கண்டறிந்து எண்ணியது. மெய்யான கணக்கு கிடைத்தபின், மக்கள் விரும்பும் பாடல் பல வாரங்கள் முதலிடத்திலேயே நிலைத்திருப்பது தெரியவந்தது.

புதிய குரலில் பழைய பாடல்

இச்சூழலில்தான் 1992 நவம்பரில் ‘தி பாடிகார்டு’ திரைப்படம் வெளிவந்தது. அதில் நடித்த பாடகி விட்னி ஹூஸ்டன் வேறொரு பழைய பாடலைப் பாடுவதாக இருந்தது. அப்பாடல் மற்றொரு படத்தில் இடம்பெற்றுவிட்டதால், உடன் நடித்த கெவின் காஸ்ட்னர் பார்ட்டனின் பாடலைப் பரிந்துரைத்தார். இசையமைப்புப் பொறுப்பை டேவிட் ஃபாஸ்டர் ஏற்றார்.

பாடலின் தொடக்கத்தில் ஏறத்தாழ முக்கால் நிமிடம் பக்கவாத்தியம் ஏதும் இல்லை; ஹூஸ்டனின் குரல் மட்டுமே ஒலிக்கிறது. இசைக்கருவி இல்லாத தொடக்கத்தை வானொலி நிலையங்கள் ஏற்குமா என்னும் ஐயம் இசை நிறுவனத்தாருக்கு இருந்தது. காஸ்ட்னரோ அம்முறையே வேண்டும் என வலியுறுத்தினார். பின்னர் இசைக்கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. சாக்சபோன் இசைக்குப்பின் ஓரிடத்தில் அனைத்தும் அடங்குகின்றன. முரசின் ஓர் அடியைத் தொடர்ந்து, உயர்ந்த சுருதியில் குரல் மேலெழுகிறது. பார்ட்டன் தாழ்ந்த குரலில் சொன்ன பிரியாவிடை, ஹூஸ்டனிடம் உள்ளத்தின் பெருமுழக்கமாக மாறியது.

‘ஹாட் 100’ பட்டியலில் இப்பாடல் 14 வாரங்கள் முதலிடத்தில் நீடித்தது. அந்நாள்வரை எப்பாடலும் அத்தனை வாரங்கள் முதலிடத்தில் இருந்ததில்லை. பிரித்தானியாவில் 10 வாரங்கள் முதலிடம் வகித்தது. 1994ஆம் ஆண்டு விழாவில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதையும் பெற்றது.

பயன் யாருக்கு?

ஒரு பாடலில் இருவகை உரிமைகள் அடங்கியுள்ளன. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரியது ஒன்று. குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. எவர் பாடினாலும் முதல்வகை உரிமை மாறுவதில்லை. அமெரிக்க வானொலியில் பாடல் ஒலிக்கும்போது இயற்றியவருக்கும் வெளியீட்டாளருக்கும் உரிமைத்தொகை உண்டு. பாடியவருக்கு வானொலி நிலையம் எதுவும் தருவதில்லை.

எனவே, ஹூஸ்டனின் பாடல் ஒலித்த இடமெல்லாம் அதன் பயன் பார்ட்டனையும் சென்றடைந்தது. அன்று பாதி உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் வெளியீட்டு வருவாயிலும் பாதி போயிருக்கும். அவ்வருவாயைக் கொண்டு நாஷ்வில் நகரில் ஆப்பிரிக்க அமெரிக்கர் வாழும் பகுதியில் அலுவலக வளாகம் ஒன்றை வாங்கியதாகவும், அது விட்னி கட்டிய வீடு என்றும் பார்ட்டன் கூறியுள்ளார். மகிழுந்தில் செல்கையில் ஹூஸ்டனின் குரலை முதன்முதலாகக் கேட்டு, மேலும் ஓட்ட இயலாமல் வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டதையும் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

2012 பிப்ரவரியில் ஹூஸ்டன் மறைந்தபோது மக்கள் அப்பாடலையே நாடினர். இருபது ஆண்டுகளுக்குப்பின் அது மீண்டும் பட்டியலில் இடம்பெற்று மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. தரவரிசை ஒவ்வொரு வாரமும் மாறக்கூடியது. மக்கள் மனத்தில் பாடலை நிலைபெறச் செய்தது ஹூஸ்டனின் குரல். படைத்தவர் கையில் அதனை நிலைபெறச் செய்தது பார்ட்டன் அன்று சொன்ன மறுப்பு.