நல்ல ஒலி பாதி கடையில், மீதி நம் வீட்டில்

அப்பாவின் 75வது பிறந்தநாளுக்கு நல்ல ஒலிச்சாதனம் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பல மாதம் சேமித்து, இரண்டு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு குறுந்தட்டுக் கருவி என்று வாங்கினேன். மொத்த விலையை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டு வரவேற்பறையில் எல்லாவற்றையும் பொருத்தி, கைப்பேசியில் இருந்த 'பிரியா' படப் பாடல்களை அதில் போட்டுவிட்டேன். அப்பா இரண்டு பாட்டு கேட்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நம்ம பழைய கேசட் ரேடியோவுல கேட்டப்ப இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார்.

எனக்கு முகம் வாடிவிட்டது. வயதானவர், பழைய நினைவில் பேசுகிறார் என்று நினைத்தேன். அடுத்த சில வாரங்களில் காரணங்களைத் தேடியபோதுதான் அப்பா சொன்னது சரி என்று புரிந்தது. பணத்தைக் கொட்டிய பிறகு நான் கற்றுக்கொண்டதை, கொட்டுவதற்கு முன் மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பதிவில் இருப்பதுதான் வெளியே வரும்

1978ல் வெளிவந்த 'பிரியா', சிங்கப்பூரிலும் படமாக்கப்பட்டதால் நம் ஊர் மூத்தோருக்கு நெருக்கமான படம். இளையராஜா இசையமைத்த அதன் பாடல்கள், தமிழ்த் திரையுலகில் ஸ்டீரியோ முறையில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டவை என்று குறிப்பிடப்படுகின்றன. ஸ்டீரியோவில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி ஒலித்தடம் உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே பாடகர் நிற்பது போலவும், வாத்தியங்கள் ஆங்காங்கே அமர்ந்திருப்பது போலவும் தோன்றுவது அதனால்தான்.

ஆனால் என் கைப்பேசியில் இருந்தது, யாரோ பழைய நாடாவிலிருந்து எடுத்து, சுருக்கிப் பகிர்ந்த கோப்பு. குறுந்தட்டில் ஒரு விநாடி இசைக்கு ஏறக்குறைய 1,411 கிலோபிட் தரவு இருக்கும். பழைய எம்பி3 கோப்புகள் பலவற்றில் 128 கிலோபிட்தான். பதினொன்றில் ஒரு பங்கு! காதுக்குத் தெரியாது என்று கணித்தவற்றை நீக்கித்தான் சுருக்குகிறார்கள். சாதாரண ஸ்பீக்கரில் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. நல்ல ஸ்பீக்கர் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலும் அப்படித்தான். நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். அப்பாவின் பழைய கேசட் ரேடியோவின் சிறிய ஸ்பீக்கரில் உச்ச ஒலிகள் சரியாக வராது. அதனால் இரைச்சலும் வெளியே கேட்கவில்லை. புதிய கருவி அனைத்தையும் நேர்மையாக ஒலித்தது, இரைச்சலையும் சேர்த்து.

78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்துப் பாடல்களுக்கும் இது பொருந்தும். அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். நீண்ட கீர்த்தனைகளையும் வித்வான்கள் அதற்குள் சுருக்கிப் பாடினார்கள். அவை ஒற்றைத்தடப் பதிவுகள். எத்தனை ஆயிரம் வெள்ளிக் கருவியில் போட்டாலும் அவை ஸ்டீரியோ ஆகிவிடாது. குரலின் உயிரை ரசிக்க நடுத்தர விலைக் கருவியே போதும்.

அறையும் ஒரு வாத்தியம்

கடையில் கேட்டபோது மயங்கிய அதே ஸ்பீக்கர் வீட்டில் ஏன் வேறு மாதிரி ஒலித்தது? கடையின் சோதனை அறையில் தரைவிரிப்பு, தடித்த திரைச்சீலை, மெத்தை நாற்காலிகள் எல்லாம் இருந்தன. எங்கள் வீவக வீட்டில் பளிங்கு போன்ற தரை, கான்கிரீட் சுவர், பெரிய கண்ணாடிச் சன்னல். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியோடு, தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சில மில்லிவிநாடி தாமதமாக வந்து கலக்கிறது. பாடலின் சொற்கள் மங்கிப்போகின்றன.

தாழ்ந்த ஒலிகளுக்கு வேறொரு சிக்கல். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் இருந்தால், 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி அங்கேயே தங்கி வீங்கும். 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். தரைக்கும் கூரைக்கும் 2.6 மீட்டர் என்றால் 66 ஹெர்ட்ஸ். பேஸ் கித்தாரும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியும் இந்தப் பகுதியில்தான் முழங்குகின்றன. அதனால் ஒரு மூலையில் உட்கார்ந்தால் 'தும் தும்' என்று அதிரும், இரண்டடி நகர்ந்தால் காணாமல் போகும். கருவியை மாற்றுவதால் இது தீராது.

நாங்கள் செய்த மாற்றங்களுக்கு அதிகச் செலவில்லை. சுவரோடு ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை ஏறக்குறைய இரண்டடி முன்னால் இழுத்தோம். இரு ஸ்பீக்கருக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் இடையே சம பக்க முக்கோணம் அமையும்படி வைத்தோம். உச்ச ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்கும்படி தாங்கி போட்டோம். நடுவில் தடித்த கம்பளம், சன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி.

எங்கே திரை போடுவது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரோரம் முகக்கண்ணாடியைப் பிடித்தபடி மெல்ல நகரட்டும். எந்த இடத்தில் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கேதான் ஒலியும் பட்டுத் திரும்புகிறது.

எத்தனை வாட் வேண்டும்?

200 வாட், 300 வாட் என்ற எண்கள் ஆசை காட்டும். கணக்கைப் பாருங்கள். சாதாரணமான ஒரு ஸ்பீக்கர், 1 வாட் மின்சக்தியில் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் ஒலி தரும். சக்தியை இரு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். 97 டெசிபலுக்கு 10 வாட், 107 டெசிபலுக்கு 100 வாட். வீட்டில் நாம் இதமாகக் கேட்பது 70 முதல் 75 டெசிபல் அளவில். அதற்கு 1 வாட்கூடத் தேவைப்படாது. தவில் ஓங்கி ஒலிக்கும் கணங்களுக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும், அவ்வளவுதான். 40, 50 வாட் ஆம்ப் ஒரு வீவக வரவேற்பறைக்குத் தாராளம்.

விலையுயர்ந்த கம்பிகளும் கடைசியாக நினைக்க வேண்டியவை. இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குத் தடித்த செப்புக் கம்பி போதும். பணம் மிஞ்சினால் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் செலவிடலாம்.

எதைக் கேட்டுச் சோதிப்பது?

கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடம் ஒலிச்சாதனக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே போகும்போது நமக்கு நன்கு பழகிய குறுந்தட்டு இரண்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு எந்தக் கருவியிலும் இனிமையாகத்தான் இருக்கும்.

கர்நாடக இசைப் பதிவு ஒன்று அவசியம் இருக்கட்டும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், நம் வாத்தியங்களின் ஒலியை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர். மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கருநிறப் பூச்சுதான், சாதாரணத் தோற்கருவிகளில் இல்லாத இணக்கமான மேற்சுரங்களை அதற்குத் தருகிறது என்று 1920ல் விளக்கினார். தம்பூராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் சிறு நூலும் எப்படிச் செழுமையான மேற்சுரங்களை எழுப்புகின்றன என்பதை மறு ஆண்டு எழுதினார்.

ஆகவே கடையில் கேட்கும்போது மூன்றைக் கவனியுங்கள். தம்பூரா வெறும் ரீங்காரமாக இல்லாமல் பல இழைகளாகப் பிரிந்து கேட்கிறதா? மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியே தெரிகின்றனவா, கும்கியின் ஏற்ற இறக்கம் வீங்காமல் வருகிறதா? பாடகர் மூச்சு வாங்குவது கேட்கிறதா? மூன்றும் சரியென்றால் திரையிசையும் நன்றாகவே ஒலிக்கும்.

அதற்கு முன், உண்மையான ஒலி எப்படி இருக்கும் என்பது நம் காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிராங்கூன் சாலைக் கோயில்களில் திருவிழா நாளில் நாகஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கி இல்லாமல் ஒலிப்பதைக் கேளுங்கள். 2002ல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கின் கச்சேரி மண்டபத்தில் ஏறக்குறைய 1,600 பேர் அமரலாம். மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய கூரையும், எதிரொலிக்கென்றே திறந்து மூடும் அறைகளும் அதில் உண்டு. நிகழ்ச்சிக்கு ஏற்ப ஒலியைத் திருத்த ஓர் அரங்கமே இவ்வளவு பாடுபடும்போது, நம் அறைக்கு ஒரு திரைச்சீலையாவது வேண்டாமா?

பக்கத்து வீடும் நம் காதும்

தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவும். நமக்கு இனிய பேஸ், சுவருக்கு அப்பால் உறங்கும் குழந்தைக்கு வெறும் அதிர்வு. இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை அமைதி காக்க வேண்டும் என்பது வீவக வீடுகளில் பழகிய நெறி. அண்டை வீட்டு ஒலித்தொல்லை பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, 2022ல் அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. சப்வூஃபர் வைத்திருப்போர் அதைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி, ரப்பர் தாங்கிமேல் வைப்பது நல்லது.

ஒலியைக் குறைத்தால் பாட்டு மெலிந்து கேட்பது கருவியின் குறையன்று. ஒலி அளவு குறையும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே அளந்து காட்டினார்கள். சில ஆம்ப்களில் 'லவுட்னஸ்' பொத்தான் இருப்பது இதற்காகத்தான்.

காதையும் காக்க வேண்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. ஒலி கூடக் கூட இந்த நேரம் வேகமாகக் குறையும். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் நம் காதுக்கு எட்டாமல் போவதும் இயற்கை. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலிக்கும் என்ற விளம்பரத்துக்கு 50 வயதில் கூடுதல் பணம் தருவது வீண்.

வாங்கிய பிறகு

நம் ஊரின் ஈரக்காற்று இசைத்தட்டில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். ஸ்பீக்கர் விளிம்பில் உள்ள நுரை வளையம் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் முன்துணியைக் கழற்றி அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானிலிருந்து பழைய ஆம்ப் வரவழைப்போருக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே வீட்டு மின்னழுத்தம் 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். மின்மாற்றி இல்லாமல் செருகினால் கருவி எரிந்துபோகும்.

எங்கள் வீட்டில், கம்பளமும் திரையும் வந்த பிறகு 'பிரியா' படப் பாடல்களை நல்ல குறுந்தட்டில் போட்டேன். அப்பா நாற்காலியை இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். பழைய ரேடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தட்டு முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பத்தாகுது. சத்தத்தைக் குறைச்சு இன்னொரு தடவை போடு, பக்கத்து வீட்டுப் பிள்ளை தூங்கியிருக்கும்," என்றார்.