பாலையிலோர் பாசறை

போர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வாளும் குருதியும் வெற்றிமுரசுமே. ஆனால் போருக்குச் சென்ற வீரன் தன் நாட்களிற் பெரும்பகுதியைப் போரிட்டுக் கழிப்பதில்லை. உண்டும், உறங்கியும், துணி துவைத்தும், காவல் நின்றும், வீட்டுக் கடிதத்தை எதிர்பார்த்துமே கழிக்கின்றான். நம் பழம்புலவர் இதனை நன்குணர்ந்திருந்தனர். 103 அடிகளே உடைய முல்லைப்பாட்டில் நப்பூதனார் போரை விரித்துப் பாடினாரல்லர், பாசறையைப் பாடினார். காட்டை வெட்டி வேலியிட்டதையும், யானைக்குக் கவளம் ஊட்டியதையும், அணையும் விளக்கை மீண்டும் கொளுத்தியதையும், நாழிகைக் கணக்கர் பொழுதளந்து உரைத்ததையும் கண்டாற்போலக் கூறினார். அப்பாட்டை வகுப்பிற் பயின்ற நாள்முதல், இக்காலத்துப் பாசறை எங்ஙனம் இருக்கும், அதனுள் மக்கள் எங்ஙனம் வாழ்வர் என்றறிய எனக்கோர் அவா எழுந்தது. அவ்வவாவினால் தேடிப் படித்தறிந்தவற்றுள் ஆப்கானிஸ்தானத்திலிருந்த பாஸ்டியன் என்னும் பாசறையைப்பற்றி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

ஹெல்மந்து என்பது அந்நாட்டின் தென்பாலுள்ள மாகாணம். அதன் தலைநகராகிய லஷ்கர் காவிற்கு வடமேற்கே ஊரும் மரமும் அற்ற பாழ்வெளி ஒன்றுண்டு. 2006-ம் ஆண்டில் பிரிட்டிஷ் படையின் பொறியாளர் அங்கே இப்பாசறையை எழுப்பினர். மனிதர் வாழ ஒவ்வாத இடத்தை ஏன் தெரிந்தெடுத்தனர் எனின், ஒவ்வாமையே அதன் சிறப்பு. மறைந்துவர ஒரு புதரும் இல்லை. நெடுந்தொலைவிலேயே வருவோரைக் காணலாம். விமானங்கள் வந்திறங்கச் சமநிலம் வேண்டுமளவு கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் பிரிட்டிஷார் அயல்நாட்டிற் கட்டிய பாசறைகளுள் இதுவே மிகப் பெரிது என்பர். பின்னர் அமெரிக்கக் கடற்படைவீரர் இதனை அடுத்து லெதர்நெக் என்னும் தம் பாசறையை அமைத்தனர். ஆப்கானியப் படைக்கும் அருகிலேயே ஷோராபக் என்றொரு பாசறை எழுந்தது. மூன்றும் கூடிய காலத்தில் அங்கு வாழ்ந்தோர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர். வெறும் மணலாயிருந்த இடம் சில ஆண்டுகளில் நம் நாட்டுச் சிறு நகரொன்றின் அளவினதாயிற்று.

இந்நகருக்கு மதில் எது? கல்லன்று, செங்கல்லுமன்று, அந்நிலத்து மண்ணேதான். கம்பி வலையாற் செய்த பெருங்கூடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உட்புறம் கெட்டித்துணி தைக்கப்பட்டிருக்கும். மடித்துக் கொண்டுவந்து, விரித்து நிறுத்தி, மண்வாரும் யந்திரத்தால் மணலைக் கொட்டி நிரப்பிவிட்டால் குண்டு துளைக்காத சுவராகிவிடும். ஹெஸ்கோ என்பது இதன் பெயர். இதனைக் கண்டுபிடித்தவர் ஜிமி ஹெசல்டன் என்பார், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தவர், சுரங்கத் தொழிலாளியாயிருந்தவர். ஆற்றங்கரையும் கடற்கரையும் நீரால் அரிக்கப்படாதபடி காக்கவே அவர் இதனை முதலில் அமைத்தார். வெள்ளத்தைத் தடுக்க வந்த கூடை வெடிகுண்டைத் தடுக்கும் மதிலாய் முடிந்தது வியப்பன்றோ!

மதிலுக்குள்ளே வரிசை வரிசையாகக் கூடாரங்கள். மேல்வளைந்த நீண்ட கூடாரம் ஒவ்வொன்றிலும் பலர் தங்குவர். ஒருவனுக்கு உரியது ஒரு மடக்குக் கட்டில், அதன்மேற் கவிந்த ஒரு கொசுவலை, கட்டிலின் கீழ் ஒரு பெட்டி, இவ்வளவே. தனிமை என்பது அவ்வலைக்குள் கிடைப்பதுதான். கோடையில் வெப்பம் 45 டிகிரிக்கு மேற் செல்லும். குளிர்கால இரவிலோ நீர் உறையும். இவ்விரண்டினும் கொடியது புழுதி. முகத்திற் பூசும் மாவினும் நுண்ணிய அது கடிகாரத்தினுள்ளும் துப்பாக்கியினுள்ளும் பல்லிடுக்கிலும் புகும். மழை பெய்தாலோ அப்புழுதி முழுவதும் களியாகிக் காலைப் பற்றிக்கொள்ளும். காலையிற் செருப்பணியுமுன் அதனைக் கவிழ்த்துத் தட்டித் தேளில்லை என்று கண்டபின்னரே காலை நுழைப்பர்.

கூடாரத்துள் குளிர்காற்று வீசும் யந்திரங்கள் இருந்தன. இதைப் படித்தபோது, போருக்குச் சென்றோர்க்கு இவ்வளவு சுகமா என்று நானும் நகைத்தேன். ஆனால் அந்நிலத்தில் பகலெல்லாம் சுமையுடன் உழன்றவன் இரவில் உறங்காவிடின் மறுநாள் கவனம் தவறுவான். அங்கே கவனம் தவறினால் உயிர் தவறும். எனினும் இச்சுகத்தின் விலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். குளிர்காற்றுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு டீசல் எண்ணெய் வேண்டும். எண்ணெயோ அங்கே ஊறுவதன்று. ஆப்கானிஸ்தானத்துக்குக் கடல் இல்லையாதலின், பெரும்பாலான பண்டங்கள் கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மலையும் பாலையும் கடந்து லாரிகளில் வந்தன. அவ்வழியில் லாரிகள் பலமுறை தாக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. ஓட்டிவந்தோர் பாகிஸ்தானியரும் ஆப்கானியருமாகிய ஏழைகள். 2011-ம் ஆண்டு நவம்பரில் எல்லைப்புறத்தில் பாகிஸ்தானிய வீரர் பலர் நேட்டோ விமானங்களாற் கொல்லப்படவே, அந்நாடு வழியை அடைத்துவிட்டது. 2012 ஜூலையிற்றான் மீண்டும் திறந்தது. ஒருவன் இனிது உறங்கப் பிறனொருவன் உயிரைப் பணயம் வைத்து லாரி ஓட்டினான் என்பதை மறத்தல் ஆகாது.

குடிநீரும் முதலில் இவ்வாறே புட்டிகளில் அடைத்து வெளியிலிருந்து வந்தது. பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டி, பாசறைக்குள்ளேயே நீரைத் தூய்மை செய்து புட்டியிலடைக்கும் தொழிற்சாலையொன்றை நிறுவினர். அதனால் சாலையில் வரவேண்டிய லாரிகள் மிகக் குறைந்தன. போர்க்கருவி எதுவும் செய்யாத உயிர்க்காவலை ஒரு கிணறு செய்தது.

உணவுக்கு வருவோம். நம் ஹாஸ்டல் மெஸ்ஸைப்பற்றி நாள்தோறும் குறைகூறும் நண்பர்கள் இப்பகுதியைச் சற்றுக் கூர்ந்து படிப்பாராக! பாஸ்டியனில் பெரிய உணவுக்கூடங்கள் இருந்தன. இறைச்சியும் காய்கறியும் பழமும் வேளைதோறும் கிடைத்தன. பிட்ஸா ஹட் கடையும் ஒன்றிருந்தது. மது மட்டும் விலக்கு. ஆனால் பாசறையைவிட்டுச் சாங்கின் முதலிய இடங்களிலிருந்த சிறு காவல்நிலைகளுக்குச் சென்றவன் நிலை வேறு. அவனுக்கு உரியது ஒரு நாளுணவு முழுவதும் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்று. ஏறத்தாழ 4,000 கலோரி தரும் அளவில் அதனுள் உறையிட்ட சோறும் கறியும் பிஸ்கத்தும் தேயிலையும் இருக்கும். உறையோடு வெந்நீரிலிட்டுச் சூடாக்கி உண்பர். அமெரிக்கர் உணவுறையோடு தீயில்லா அடுப்பொன்றும் தருவர்: மக்னீசியமும் இரும்பும் கலந்த பொடியைப் பையிலடைத்திருப்பர், சிறிது நீர் வார்த்தால் அது தானே கொதித்து உணவைச் சுடவைக்கும். எத்துணை அரிய வித்தையாயினும், அதே சுவையை மாதக்கணக்கில் உண்டவன் ஒரு புதிய வெங்காயத்துக்கு ஏங்குவான். அச்சிறு நிலைகளிற் குளிப்பதற்குக் கறுப்புப் பையில் நீரை நிரப்பி வெயிலில் தொங்கவிடுவர். மலங்கழிப்பதும் பையிலேதான், பின்பு அதனை எரிப்பர். சாங்கினில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர் மாண்டனர். அங்கிருந்து சில நாள் ஓய்வுக்கு வருவோர்க்குப் பாஸ்டியன் சுவர்க்கமாய்த் தோன்றியது. பாஸ்டியனிலேயே இருந்து கணக்கெழுதியோரைச் சற்று இகழ்ச்சியாகவும் நோக்கினர். ஒரே போரில் ஒரே சீருடை அணிந்தோர் இருவேறு உலகில் வாழ்ந்தனர்.

ஒருவனது தங்கல் பெரும்பாலும் ஆறுமாதம். இடையே இருவார விடுமுறையில் வீடு சென்று மீளலாம். மற்றை நாட்களெல்லாம் வேலைநாட்களே. ஞாயிறென்றும் திங்களென்றும் வேறுபாடில்லை. கூடாரக் கோயிலில் பாதிரியார் நடத்தும் ஆராதனைதான் பலர்க்கு இன்று ஞாயிறு என்று நினைவூட்டியது. வீட்டோடு பேசுதற்கு வாரத்துக்கு 30 நிமிடம் இலவசமாக டெலிபோன் தந்தனர். மெல்லிய நீலத்தாளாலாகிய கடிதம் ஒன்றுண்டு. ப்ளூயி என்று செல்லமாக அழைப்பர். அதற்குத் தபால்தலை வேண்டியதில்லை. வீட்டார் இரண்டு கிலோகிராம் வரையுள்ள பொதியைச் செலவின்றி அனுப்பலாம். தாய்மார் அனுப்பிய காலுறையும் இனிப்பும் தேயிலையும் மூட்டை மூட்டையாய் வந்திறங்கின.

இனிக் கூறப்போவதே என்னைப் பலநாள் நினைக்கவைத்தது. ஒரு வீரன் கொல்லப்பட்டாலோ, கடும் புண்பட்டாலோ, உடனே பாசறை முழுவதும் டெலிபோனும் இன்டர்நெட்டும் நிறுத்தப்படும். மினிமைஸ் என்பது அக்கட்டளையின் பெயர். அதிகாரிகள் அவன் வீட்டுக்கதவைத் தட்டித் தாம் நேரிற் சொல்லும்வரை, பிறர் வாயிலாகச் செய்தி எட்டலாகாது என்பதே அதன் கருத்து. கருத்து நல்லதே, அன்புடையதுமாம். மகன் இறந்ததைக் கடைவீதியிற் கேட்கும் கொடுமை ஒரு தாய்க்கு நேரலாகாதன்றோ? ஆனால் விளைவு என்னாயிற்று? மகன் பேசும் நாளில் மணி அடிக்கவில்லையெனின், யாரோ ஒருவர் வீழ்ந்தனர் என்று ஆயிரம் வீடுகள் ஒருங்கே அறிந்துகொண்டன. யார் என்பது மட்டும் தெரியாது. வாயிலில் ஒரு மோட்டார் வண்டி நின்றால் நெஞ்சும் நின்றுவிடும். முல்லைப்பாட்டிற் பெருமுது பெண்டிர் ஊர்ப்புறஞ் சென்று, வழியிற் கேட்கும் சொல்லை நன்னிமித்தமாகக் கொண்டு தலைவியைத் தேற்றினர். அன்று ஒரு சொல் விரிச்சியாயிற்று. இன்று சொல்லின்மையே விரிச்சி. பின்னர் டெலிபோன் மீண்டும் பேசத் தொடங்கும். தம் பிள்ளையின் குரலைக் கேட்டு அழுது மகிழ்ந்தோர், வேறொரு வீட்டில் அவ்வண்டி நின்றிருக்கும் என்றெண்ணித் தம் மகிழ்ச்சிக்கே நாணினர். இருபாற் கொடுமையுள் எது சிறிது என்று தெரிந்தெடுக்கச் சொன்னால் நானும் மினிமைஸையே தெரிந்தெடுப்பேன். ஆயினும் அது நெஞ்சில் முள்ளாகவே நிற்கின்றது.

பாசறையில் இருந்தோர் எல்லாரும் வீரரல்லர். ஆப்கானியப் போரின் பிற்பகுதியில் அமெரிக்கப் படைகளின் பாசறைகளில் ஒப்பந்த வேலைக்காரர் தொகை சிற்சில காலத்தில் வீரர் தொகையை விஞ்சியது. சமைப்போர், துணி வெளுப்போர், கழிவறை துடைப்போர் ஆகியோருட் பலர் இந்தியர், நேபாளியர், பிலிப்பைனியர். வறுமை துரத்தக் கடன்பட்டுத் தரகனுக்குப் பணங்கொடுத்து வந்தோர் பலர். சொன்ன சம்பளம் ஒன்று, பெற்றது ஒன்று. கடவுச்சீட்டைப் பிறர் பிடுங்கி வைத்துக்கொண்டதும் உண்டு. 2012 செப்டம்பரில் அமெரிக்கத் தலைவர் ஒபாமா, அரசாங்க ஒப்பந்தங்களில் இத்தகைய தரகுப்பணமும் கடவுச்சீட்டுப் பறிப்பும் கூடாதெனக் கட்டளை பிறப்பித்தார். பாசறையைப்பற்றிய புத்தகங்களில் இவர்கள் வருவது ஒரு வரி, இரண்டு வரிதான்.

இருபதினாயிரம் மக்கள் வாழுமிடத்துக் குப்பை சிறிதாகுமா? பிளாஸ்டிக்கும் பழம்பொருளும் திறந்த குழிகளிற் கொட்டி எரிக்கப்பட்டன. லெதர்நெக்கில் 1 கோடியே 15 இலட்சம் டாலர் செலவில் எரிசூளைகள் கட்டினர். ஆயினும் அவற்றை முழுதும் பயன்படுத்தாமல் குழியிலேயே எரித்துவந்தனர் என்று அமெரிக்கத் தணிக்கையாளர் 2013-ல் எழுதினர். இத்தகைய பாசறைகளின் புகையைச் சுவாசித்தவர்க்குப் பிற்காலத்தில் நேர்ந்த நோய்களுக்கு உதவி செய்யும் சட்டம் அமெரிக்காவில் 2022-ம் ஆண்டு ஆகஸ்டில்தான் நிறைவேறியது. அதே லெதர்நெக்கில் 3 கோடியே 60 இலட்சம் டாலரில் ஒரு பெருமாளிகையும் எழுந்தது; அதில் ஒருவரும் குடிபுகவேயில்லை! கட்டினவனுக்கே அது எதற்கென்று விளங்கியதோ என்னவோ.

மதிலும் பாழ்வெளியும் காக்குமென்ற நம்பிக்கை ஓரிரவிற் குலைந்தது. 2012 செப்டம்பர் 14-ம் தேதி தாலிபான் போராளர் பதினைவர் அமெரிக்க உடையணிந்து, கம்பிவேலியை வெட்டி உட்புகுந்தனர். ஹாரியர் விமானங்கள் ஆறினை அழித்தனர். அமெரிக்க வீரர் இருவர் மாண்டனர். புகுந்தோருட் பதினால்வர் மடிய, ஒருவன் பிடிபட்டான். மறைவிடமற்ற நிலம் இருளில் மறைவிடமாயிற்று.

2014 அக்டோபர் 26-ம் தேதி கொடிகள் இறக்கப்பட்டுப் பாசறை ஆப்கானியரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021-ல் ஹெல்மந்து முழுவதும் தாலிபானர் கையிற் சென்றது. மாண்டோர் பெயர் பொறித்துப் பாஸ்டியனில் நிறுவிய நினைவுச்சுவரை அடியொற்றி இங்கிலாந்தில் எழுப்பிய சுவரொன்று 2015 ஜூனிற் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

தங்கல் முடிந்த வீரரை நேரே வீட்டுக்கு அனுப்புவதில்லை. நடுவே சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ ஒன்றரை நாள் இறக்குவர். நேற்றுவரை வெடிகுண்டை அஞ்சி அடிபார்த்து நடந்தவன் இன்று தன் வீட்டுக் குழந்தையின் அழுகைக்குச் சினந்து பாயாதபடி மனத்தைத் தணிக்கும் ஏற்பாடு இது. அங்கே கடலில் நீந்துவர். உறக்கம் வாராவிடின் என்செய்வது என்று பாதிரியாரும் பிறரும் அறிவுரை கூறுவர். மாலையில் வேடிக்கை நிகழ்ச்சியும், எண்ணிக் கொடுத்த சில குவளை பீரும் உண்டு. வீடு செல்லும் அவசரத்தில் இதனை வெறுத்தோர் பலர். இரவில் பழக்கத்தாற் படுக்கையருகே துப்பாக்கியைத் தேடிக் கைநீட்டி, அது இல்லையென்று கண்டு விழித்துக்கொண்டோரும் உண்டு. மறுநாள் விமானம் புறப்படும்.