வீழ்ந்த மரமும் வில்லும்

மத்திய இந்தியக் காடுகளில் தாமன் என்று வழங்கும் மரம் நமக்கு அயலானதன்று. தமிழர் சடச்சி என்பதும் அதுவே. நன்கு வளைந்து, விட்டவுடன் நிமிரும் இயல்புடையதாதலின், அதன் கட்டை கோடரிக் காம்புக்கும் வில்லுக்கும் உகந்தது.

இத்தகைய மரம் புயலில் வீழ்ந்துவிட்டால் அதனை வில்லாக்கலாமா? ஆக்கலாம். ஆனால் அது வீழ்ந்த விதத்தை முதலில் நோக்கவேண்டும். பெருங்காற்றில் மரம் வளையும்போது காற்று வீசும் திசைக்கு மறுபுறத்து நார்கள் நசுங்குவதுண்டு. பட்டையின் மேல் ஒன்றும் தெரியாது. இழைத்த பின்னரே குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கங்கள் புலப்படும். அவ்விடத்தில்தான் வில் முறியும். அதுவும் நாண் முழுதும் இழுபட்டு, வில் முகத்தின் அருகே இருக்கும் நேரத்தில்! நனைந்த மண்ணில் வேரோடு சாய்ந்த மரம், நடுவில் முறிந்த மரத்தினும் நம்பத்தக்கது.

அடுத்தது காலம். மண்ணில் கிடக்கும் கட்டையில் பூஞ்சணம் முதலில் வெளிற்றைப் பற்றும்; வைரம் சற்றுத் தாங்கும். எடை குறையுமுன்னரே உறுதி குறைந்துவிடுவதால் கையில் தூக்கிப் பார்ப்பது போதாது. ஒரு சிம்பை ஒடித்துப் பார்க்கலாம். நல்ல கட்டை நீண்ட நாராகக் கிழியும்; உளுத்தது மொட்டையாக ஒடியும்.

தேர்ந்த கட்டையை அறுப்பதினும் ஆப்பு வைத்துப் பிளப்பதே சிறந்தது. பிளவு நாரின் போக்கிலேயே செல்லும். வில் வளையும்போது எய்பவனுக்கு அப்புறமுள்ள முதுகு இழுபடுகிறது, இப்புறமுள்ள வயிறு அமுங்குகிறது. முதுகில் நார் அறுபட்டிருந்தால் சிம்பு அங்கே கிளம்பும். நீர் வெட்டுமுனைகள் வழியே விரைந்து வெளியேறி வெடிப்பு உண்டாக்குமாதலால், முனைகளில் மெழுகோ வர்ணமோ பூசி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்துவர். ஈரம் போகாத வில் வளைந்தபடியே நின்றுவிடும்.

காட்டில் கிடப்பதை யாரும் எடுக்கலாம் என்று எண்ணுவோர் பலர். 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் 'மரக்கட்டை' என்னும் சொல் தானே வீழ்ந்த மரத்தையும் குறிக்கும். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி அதனை அகற்றுதல் குற்றம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களுக்கு மூங்கிலைச் சிறு வனப்பொருளாக உரிமையாக்கியது. மரக்கட்டைக்கு அவ்வுரிமை இல்லை. பழங்குடியினர் பலரின் வில் மூங்கிலாலேயே ஆனது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.